முத்துக்கரையில் வழி சொன்ன மரபு

புதிதாக ஓர் ஊருக்கு வருபவர் அவ்வூராரிடம் முதலில் கேட்டுப் பெறுவது வழி. சோறும் நீரும் தங்க இடமும் அதன்பின் வருவன. கேட்பவரும் சொல்பவரும் முன்பின் அறியாதவர். மீண்டும் காண்பார்கள் என்னும் உறுதியும் இல்லை. ஆயினும் அந்தச் சில கணங்களில் ஒருவர் தம் நிலத்தைப் பற்றித் தாம் அறிந்ததை மற்றவர் கையில் கொடுத்தனுப்புகிறார். எதை அடையாளமாகச் சொல்கிறார், எச்சொல்லால் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பவற்றை நோக்கினால் அம்மக்களின் வாழ்வு விளங்கும்.

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என ஏழு துறைகளாக எண்ணப்பட்டது முத்துக்குளித்துறைக் கரை. இரண்டாயிரம் ஆண்டுகளாக வெளிநாட்டார் வழி கேட்டு வந்த கரை இது. இங்கு வழி சொல்லுதலில் இரு மரபுகள் ஓடின. நிலத்து வழி எல்லார்க்கும் உரிய கொடையாக இருந்தது. கடல் வழியோ குடிக்குள் காக்கப்பட்ட மறையாக இருந்தது. இவ்விரண்டின் வரலாற்றையும் சேர்த்து நோக்கும்போதுதான் இன்று இழந்து கொண்டிருப்பது எது என்பது தெளிவாகும்.

கொடையாகிய வழி

வழி சொல்லுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தவர் தமிழர். பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்பட்ட வறிய கலைஞனை வள்ளலிடம் ஆற்றுப்படுத்துவது தொல்காப்பியம் இலக்கணம் வகுத்த துறை. பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படைகளே. ‘ஆறு’ என்னும் சொல்லுக்கு வழி என்பது பொருள். அந்த வழியில் ஒருவனைச் செலுத்துவது ‘படை’.

இப்பாட்டுகளில் வழி சொல்லப்படும் முறை கருதத்தக்கது. நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணனுக்கு மூன்று ஊர்கள் சொல்லப்படுகின்றன. எயிற்பட்டினத்தில் பரதவர் தேறலும் சுட்ட உலர்மீனும் தருவர். வேலூரில் எயிற்றியர் புளிங்கறியிட்ட சோறும் ஆமான் இறைச்சியும் தருவர். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும். இத்தனை காதம் நட, இந்த இடத்தில் திரும்பு என்பதைவிட, இந்த இடத்தில் இன்னார் உனக்கு இன்னது தருவர் என்பதே அங்கு வழியின் அடையாளம். வழியை அளப்பது விருந்தோம்பல்.

அதே பாட்டில் கொற்கையும் வருகிறது. உப்பு வண்டியோடு வந்த மந்தி, உமணர் சிறாருடன் கூடி, கிளிஞ்சலுக்குள் முத்தையிட்டுக் கிலுகிலுப்பை போல ஆட்டி விளையாடும் காட்சி அது. முத்து விளையாட்டுப் பொருளாகும் அளவுக்குச் செல்வம் மிக்க துறை அது; அங்கே உப்பு வண்டிகள் உள்நாட்டிலிருந்து வந்து போயின என்பதும் அக்காட்சியால் தெரிகிறது. உமணரின் வண்டித் தடமே கரையையும் உள்நாட்டையும் இணைத்த பழைய வழி.

பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் வேறொரு பண்பைக் காட்டுகிறது. நன்னனின் செங்கண்மாவுக்குச் செல்லும் கூத்தரிடம் வழியின் நன்மை மட்டும் சொல்லப்படவில்லை. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்பு உறையும் குழிகள், வழுக்கும் பாறைகள், யானையை விரட்டத் தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் ஆகிய அனைத்தும் ஒவ்வொன்றாக எச்சரிக்கப்படுகின்றன. நடுகல்லைக் கண்டால் தொழுது செல்லுமாறும் சேயாற்றின் கரையை ஒட்டி நடக்குமாறும் கூறப்படுகிறது. இடையே ஓர் அறிவுரை: வழி பிரியும் சந்தியைத் துடைத்துத் தூய்மை செய்து, சென்ற வழியில் புல்லை முடிந்து வையுங்கள்; பின்னால் வரும் புதியவர் அறிந்துகொள்வர்.

வழி கேட்டவனே வழி சொல்பவனாக ஆகும் இடம் இது. தான் பெற்ற வழியை அடுத்தவனுக்கு விட்டுச் செல்வது அவன் கடமையாகிறது. அந்தப் புல்முடிச்சுக்கு மொழி இல்லை, எழுத்தும் இல்லை. காண்பவர் எவராயினும் அவர்க்கு அது உரியது.

இப்பண்பு இலக்கியத்தோடு நின்றுவிடவில்லை. தருமபுரிப் பகுதியில் கிடைத்த பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் கல், நாவல்தாவளம் 29 காதம் என்பதை எழுத்தில் கூறுகிறது. அதன் கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்தையும் சிறிய குழி ஒன்றையும் குறிக்கும். எழுத்தறியாத வண்டிக்காரனும் இருளில் வந்தவனும் விரலால் தடவியே தொலைவை அறிந்துகொள்ளலாம். புல்லை முடியச் சொன்ன மனமே ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் கல்லிலும் குழி வெட்டியது எனலாம்.

மேலும் கீழும்

வழி சொல்வதற்குத் திசைச்சொல் வேண்டும். தமிழின் திசைச்சொற்கள் நிலத்திலிருந்தே பிறந்தவை. கீழ் என்பதிலிருந்து கிழக்கும், மேல் என்பதிலிருந்து மேற்கும் வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கீழைக்கடல் வரை தமிழ்நிலம் சரிந்து இறங்குகிறது. பொருநை நீர் ஓடும் போக்கே அதற்குச் சான்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் அந்த ஆற்றைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மேற்கு மேலிடம், கிழக்குத் தாழ்விடம் என்பதைப் பிறர் விளக்க வேண்டியதில்லை.

இவ்வுண்மையை மொழியியற் சான்றாக எடுத்தாண்டவர் இக்கரையை அடுத்த இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல். 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் அவர் மலையாளத்தை நோக்கினார். மலைக்கு அப்பால் நிலத்தின் சரிவு நேர்மாறானது. அங்கே கிழக்கில் மலை உயர்ந்து நிற்கிறது. மேற்கில் கடல் தாழ்ந்து கிடக்கிறது. ஆயினும் மலையாளி மலையுள்ள திசையைக் ‘கிழக்கு’ என்றே சொல்கிறார். உயர்ந்த திசைக்குத் தாழ்வு என்று பெயர். மலைக்கு இப்புறம் வாழ்ந்தவர்கள் அப்புறம் சென்றபோது சொல்லையும் உடன் கொண்டு சென்றனர் என்பது கால்டுவெல்லின் வாதம். மேற்கிற்கு அவர்கள் ஞாயிறு படிதலைக் குறிக்கும் ‘படிஞ்ஞாறு’ என்னும் வேறு சொல்லை வழங்குகின்றனர்.

உலகின் பிற கரைகளோடு ஒப்பிட்டால் இதன் சிறப்புப் புலனாகும். அவாய்த் தீவினர் மலைப்பக்கத்தை ‘மவுக்கா’ என்றும் கடற்பக்கத்தை ‘மக்காய்’ என்றும் கூறி வழி சொல்வர். பாலித் தீவினர் மலைநோக்கிய திசையைக் ‘காஜா’ என்றும் கடல்நோக்கியதைக் ‘கெலோட்’ என்றும் வழங்குவர். தீவின் நடுவே மலை இருப்பதால் தென்பாலியில் வடக்கைக் குறிக்கும் காஜா, வடபாலிக்குச் சென்றால் தெற்கைக் குறிக்கும். அங்கே சொல் மலையைப் பற்றிக்கொண்டு திசையை விட்டுவிட்டது. மலையாளத்துக் கிழக்கு திசையைப் பற்றிக்கொண்டு நிலத்தை விட்டுவிட்டது. மக்கள் இடம் பெயரும்போது சொல்லில் எது தங்கும், எது உதிரும் என்பதற்கு இவ்விரண்டும் இரு விடைகள்.

ஆசுத்திரேலியாவின் வடகிழக்கில் வாழும் கூகு இமிதிர் மக்கள் இடம், வலம் என்னும் வழக்கையே பெரும்பாலும் அறியார். காலருகே எறும்பு ஊர்ந்தாலும் ‘உன் காலுக்கு வடக்கே’ என்பர். ஜான் ஹாவிலண்டு, ஸ்டீபன் லெவின்சன் ஆகிய ஆய்வாளர்கள் இதை எழுதியபோது மேலைநாட்டார் வியந்தனர். நெல்லைச் சீமையில் வளர்ந்தவர்க்கு இதில் வியப்பு இராது. பந்தியில் இடம் போதாவிட்டால் “கொஞ்சம் தெக்க தள்ளி உக்காருங்க” என்பதும், திண்ணையில் கிடந்த பெட்டியை “மேக்க நகத்தி வை” என்பதும் அங்கு நாள்தோறும் கேட்கும் பேச்சு. தமிழ் பேசுவோரிடையே சிற்றூரார் திசைச்சொல்லையும் நகரத்தார் இடவலத்தையும் மிகுதியாக ஆள்வதை எரிக் பெடர்சன் என்னும் மொழியியலாளர் 1990களில் ஆய்ந்து எழுதினார்.

இடவலம் தமிழுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழி சொல்லும்போது, கொடும்பாளூர்க் குளக்கரையில் சிவபெருமான் சூலம்போல் மூன்றாகப் பிரியும் பாதையை வலம், இடம், நடு என்றே கூறுகிறான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இடமும் வலமும் நடப்பவன் உடம்பைச் சார்ந்தவை. அவன் திரும்பினால் அவையும் திரும்பும். கிழக்கும் மேற்கும் நிலத்தைச் சார்ந்தவை. எவர் எப்பக்கம் திரும்பினும் அவை மாறா. திசைச்சொல்லால் வழி சொல்பவர் கேட்பவரையும் தம் நிலத்துக்குள் நிறுத்திக்கொள்கிறார்.

கொற்கைக்கு வந்த வழி

வெளியிலிருந்து இக்கரைக்கு வந்தோரும் வழிக்குறிப்பு எழுதி வைத்தனர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘செங்கடற் செலவு’ என்னும் நூல் வணிகக் கப்பல்களுக்கான கையேடு. எழுதியவர் பெயர் தெரியவில்லை. துறைமுகங்களின் வரிசை, இடைத்தொலைவு, அங்கங்கே விற்பவை, வாங்குபவை ஆகியவை அதில் உள்ளன. கடலில் எழும் பாம்புகளின் நிறத்தையும் தோற்றத்தையும் கொண்டு இந்தியக் கரை நெருங்கிவிட்டதை அறியலாம் என்கிறது அந்நூல். பாருகச்சத்தின் ஆபத்தான ஆற்றுமுகத்தில் அரசப் பணியிலிருந்த உள்ளூர் மீனவர் படகுகளில் எதிர்சென்று அயற்கப்பல்களுக்கு வழிகாட்டியதையும் அது குறிக்கிறது. கப்பல் எவருடையதாயினும் கரையை அறிந்தவன் மீனவனே.

குமரிக்கு அப்பால் கொல்கோய் என அந்நூல் குறிப்பது கொற்கை. பாண்டியன் ஆட்சியில் அங்கே தண்டனை பெற்ற குற்றவாளிகள் முத்துக்குளித்தனர் என்கிறது. ஆற்றுப்படை பாடிய புலவர் கொற்கையில் முத்தோடு விளையாடும் சிறாரைக் கண்டார். வணிகர் கையேடு அதே துறையில் முத்தெடுக்கும் கைதிகளைக் கண்டது. இரண்டும் வழிக்குறிப்புகளே. வள்ளலை நாடிச் செல்பவனுக்கு ஒன்றும், சரக்கை நாடிச் செல்பவனுக்கு மற்றொன்றும் கண்ணில் பட்டன.

பெரும்பாணாற்றுப்படை நீர்ப்பெயற்று என்னும் துறையில் இருந்த கலங்கரை விளக்கத்தைப் பாடுகிறது. ஏணி சாத்திய உயர்ந்த மாடம். இரவில் அதன் உச்சியில் ஏற்றிய சுடர் கடலில் வரும் மரக்கலங்களை அழைக்கிறது. நிலத்துக் கொடை கடலை நோக்கி நீட்டிய கை அது.

ஆனால் கடற்கரையில் வழி நிலைப்பதில்லை. பொருநை சுமந்து வந்த வண்டல் கொற்கையைக் கடலிலிருந்து பிரித்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இப்பக்கம் வந்தபோது, குதிரை ஏற்றிய ஆர்மசு, ஏடன் கப்பல்கள் அணைந்த துறை காயல். பின்னர் அதுவும் தூர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் வருகையோடு தூத்துக்குடி மேலெழுந்தது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தபோது அவ்வூர் கடலிலிருந்து ஏறத்தாழ ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே இருந்தது. செங்கடற் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இன்று கொற்கைக்குக் கப்பலில் வர இயலாது. எழுதிய வழி எழுதிய நாளோடு நின்றுவிடுகிறது. நாள்தோறும் சென்று வருபவன் வாயிலுள்ள வழியே கரையோடு சேர்ந்து நகர்கிறது.

மறையாகிய வழி

கடலில் புல் இல்லை, முடிந்து வைப்பதற்கு. கல்லும் இல்லை. ஆயினும் பரதவர் கடலில் குறித்த இடத்துக்குச் சென்று மீண்டனர். முத்துச்சிப்பி விளையும் பார்கள் தூத்துக்குடிக் கரையிலிருந்து பல மைல் தள்ளி, ஐந்து முதல் பத்துப் பாகத்துக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடந்தன. தொள்ளாயிரம் பார் போன்ற பெயர்கள் வழிவழியாக வந்தவை. மேலே பார்த்தால் எங்கும் ஒரே நீர். அதற்குள் இந்த இடம் பார், இந்த இடம் வெறுமணல் என்று சொல்ல வல்லவர் பார் மண்டாடிகள். இப்பணி குடிவழியாக வந்தது. முத்துக்குளிப்பு நடக்குமுன் அரசுப் படகுகளைப் பார்களின்மேல் கொண்டு நிறுத்தியவர்கள் அவர்களே.

அவர்கள் வழி அறிந்த முறை எளியது; கைவரப் பெறுவது அரிது. கரையில் முன்னும் பின்னுமாக உள்ள இரு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருந்துமாறு வைத்துக்கொண்டால் ஒரு கோடு கிடைக்கும். வேறு திசையில் மற்றும் இரு அடையாளங்களைப் பொருத்தினால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் படகு நின்றால் அதன் அடியில் பார். குமரிக் கரையில் இதைக் கணியம் என்பர். கோபுரம், குன்று, தேரி, தனித்து நிற்கும் பனைக்கூட்டம் என உயர்ந்து தெரியும் எதுவும் கணியத்துக்கு உதவும்.

இக்கரையில் கடலிலிருந்து கண்ணுக்குப் படுபவற்றை எண்ணினால் ஓர் அழகிய ஒற்றுமை புலப்படும். திருச்செந்தூர் முருகன் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம், மணப்பாட்டுக் குன்றின் மேலுள்ள திருச்சிலுவைக் கோயில், தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயம், காயல்பட்டினத்துப் பள்ளிவாசல் மினார்கள் எல்லாம் ஒரே அடிவானத்தில் நிற்கின்றன. 1530களில் கிறித்தவம் தழுவிய பரதவர்க்கும் கந்தன் கோபுரம் கரையின் அடையாளமே. தெய்வங்கள் நிலத்தில் வேறு வேறு வீதிகளில் இருந்தாலும் கடலிலிருந்து பார்ப்பவனுக்கு வீடு திரும்பும் வழியை எல்லாரும் சேர்ந்தே சொல்கின்றனர்.

கரை மறைந்த பின் காற்றும் நீரும் வழி சொல்லும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்குப் பெயர் உண்டு. பெயரைச் சொன்னாலே திசையும் பருவமும் தெரியும். கடலின் நீரோட்டத்தை நீவாடு என்பர். நீரின் நிறம், அலையின் முதுகு, ஆழம் பார்க்க விட்ட கயிற்றின் நுனியில் ஒட்டி வரும் மணல் ஆகியவை எல்லாம் எழுத்துகள்.

கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்தோடிய தூத்துக்குடித் தோணிகளின் தலைவரைத் தண்டல் என்பர். திசைகாட்டிக்கு அவர்கள் மொழியில் சமுக்கா என்று பெயர். அதற்கும் முற்பட்ட கருவி ஒன்றைப் பற்றி, கேப்டன் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் 1850ஆம் ஆண்டளவில் சென்னையில் வெளிவந்த கட்டுரையில் எழுதினார். சோழமண்டலக் கரை மாலுமிகள் கையாண்ட அக்கருவி, நடுவில் கயிறு கோத்த சிறு பலகை. கயிற்றைப் பல்லால் கடித்துப் பலகையை முன்னே நீட்டி, அதன் கீழ் விளிம்பைக் கடல் எல்லையிலும் மேல் விளிம்பை வடமீனிலும் பொருத்துவர். கயிற்றில் முடிச்சுகள் உண்டு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்துக்கு உரிய விண்மீன் உயரம். கடித்த முடிச்சு எந்த ஊருடையதோ அந்த ஊரின் நேர்கோட்டில் கப்பல் நிற்கிறது என்பது பொருள். தூத்துக்குடியில் வடமீன் அடிவானுக்கு மேல் ஒன்பது பாகை அளவே உயரும். வடக்கே செல்லச் செல்ல அது ஏறும்.

மலைபடுகடாத்துக் கூத்தன் முடிந்த புல்லும், மாலுமி பல்லால் கடித்த கயிறும் ஒரே நோக்கத்தின. ஆயின் முன்னது சந்தியில் எல்லார்க்கும் வைக்கப்பட்டது. பின்னது ஒருவன் மடியில் இருந்தது. எந்த முடிச்சு எந்த ஊர் என்பதை அவன் சொன்னாலன்றிப் பிறர் அறியார். நல்ல மீன்பாரின் கணியமும் அவ்வாறே பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்றது. இதைத் தன்னலம் என்று ஒதுக்கிவிட முடியாது. வயலுக்கு வரப்பும் பட்டாவும் உண்டு. கடலில் ஒருவன் உரிமை அவன் நினைவில் மட்டுமே உள்ளது. அதை வெளியே சொன்னால் நாளை அங்கே நூறு வலைகள் விழும்.

தாளுக்கும் கருவிக்கும் சென்ற வழி

பார்களின் அறிவு குடிகளின் வாயிலிருந்து தாளுக்கு மாறியது ஆங்கிலேயர் காலத்தில். முத்துக்குளிப்பு அரசின் வருவாய் ஆனபோது, எந்தப் பார் எங்கே உள்ளது, அதில் சிப்பி எவ்வளவு என்பதை அரசு தானே அறிய விரும்பியது. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புகளின் கண்காணிப்பாளராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றிய அறிக்கையை 1905இல் அளித்தார். அத்தகைய அறிக்கைகளால் பல பெயர்கள் அழியாமல் நின்றன என்பது உண்மை. பெயரும் ஆழமும் தாளில் ஏறின; சொல்பவரின் தேவை குறைந்தது.

1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பே தூத்துக்குடியின் கடைசிப் பெருங்குளிப்பு. அதன்பின் பார்களில் சிப்பி போதிய அளவு தேறவில்லை. மண்டாடியிடம் வழி கேட்பவர் இல்லாமற் போயினர். பாய்த்தோணிகளில் பொறி பொருத்தப்பட்டபோது நீவாட்டையும் காற்றையும் அறிந்தவரின் மதிப்பும் தாழ்ந்தது.

இதற்கிடையே கடலில் ஒரு புதிய கோடு பிறந்தது. 1974, 1976 ஆகிய ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே கடல் எல்லை வரையப்பட்டது. பாக்கு நீரிணையின் எல்லையை முன்னதும் மன்னார் வளைகுடாவின் எல்லையைப் பின்னதும் வகுத்தன. எந்தக் கோபுரமும் எந்தக் குன்றும் அக்கோட்டைக் காட்டா. நீரின் நிறமும் அதில் மாறாது. கணியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது இல்லாத கோடு. கடந்தவர்க்கோ சிறையும் படகு பறிமுதலும் உண்மை. ஆதலின் விண்கோள்வழி இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவி மீனவர்க்கு வசதிப்பொருள் என்பதைக் கடந்து உயிர்த்தேவையாயிற்று. பழைய முறைகளே போதும் என்று கரையில் நின்று வாதிடுவோர் இதை மறந்துவிடலாகாது.

கருவியால் நேர்ந்த மாற்றம் மற்றொன்றும் உண்டு. நல்ல பாரின் இடம் இப்போது சில எண்கள். எண்ணைப் பெற்ற எவரும் அங்கே செல்லலாம். குடிக்குள் நின்ற மறை உடைந்தது. ஆனால் அது கொடையாகவும் ஆகவில்லை. கொடுத்தவரும் இல்லை, பெற்றவர்க்குப் பின்வருபவரைப் பற்றிய கடமையும் இல்லை. பொறிகளையும் பாம்புக்குழிகளையும் சேர்த்துச் சொன்ன பழைய வழிகாட்டியைப்போல எண்கள் எச்சரிப்பதில்லை.

2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது இக்குறை கொடிய வகையில் வெளிப்பட்டது. குமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர் பலர் திரும்பவில்லை. தாம் நிற்கும் இடத்தைக் காட்டும் கருவி படகில் இருந்தோரும் அவருள் உண்டு. ‘புயல் வருகிறது, திரும்பு’ என்னும் குரல் மட்டும் அத்தொலைவுக்கு உரிய வேளையில் எட்டவில்லை. இடம் அறிதல் வேறு, வழி அறிதல் வேறு என்பதை அந்த மரணங்கள் உணர்த்தின. வழி என்பது எப்போதும் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்வது.

மறை கொடையாகும் காலம்

இதே நெருக்கடியைப் பசிபிக் பெருங்கடலின் மக்கள் முன்னரே சந்தித்தனர். மைக்ரோனீசியாவின் சத்தவால் என்னும் சிறு தீவில் விண்மீன்களையும் அலைகளையும் கொண்டு கடலோடும் கலை குடிக்குள் காக்கப்பட்ட மறையாக இருந்தது. அத்தீவின் மாலுமி மாவு பியாய்லுக், தம் தீவின் இளைஞர் அதைக் கற்க முன்வராததைக் கண்டார். அவாய் மக்களோ அக்கலையை முற்றும் இழந்திருந்தனர். 1976இல் அவர் கருவி எதுவுமின்றி ஹோக்குலேயா என்னும் மரக்கலத்தை அவாயிலிருந்து தாகித்தி வரை செலுத்திக் காட்டினார். பின்னர் தம் குடியைச் சேராத அவாய் இளைஞர்க்கும் கற்பித்தார். மறையை வெளியே சொன்னதற்காகத் தம்மவரிடம் பழி கேட்டார். ஆனால் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் காப்பதற்கு மறை எதுவும் எஞ்சியிராது.

முத்துக்குளித்துறைக் கரையும் இன்று அந்நிலையில் உள்ளது. கணியங்கள் இனி ஒருவர் பிழைப்புக்குக் காவல் அல்ல. ஆதலின் அவற்றை மறைத்து வைக்க வேண்டிய காரணமும் தேய்ந்துவிட்டது. முதிய தண்டல்களிடமும், சங்குக்குளித்தோரிடமும், வலை பின்னும் பாட்டிமாரிடமும் உள்ள காற்றின் பெயர்கள், பார்களின் பெயர்கள், கரையடையாளங்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுவதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன. அகராதிகளில் ஏறாத சொற்கள் அவற்றுள் பல. கேட்பவர் கடலுக்குப் போகத் தேவையில்லை. மரியாதையோடு திண்ணையில் அமர்ந்து கேட்டால் போதும். சொன்னவர் பெயரையும் ஊரையும் அவர் இசைவோடு சேர்த்தெழுதுதல் வேண்டும். பெற்ற வழிக்கு அதுவே நன்றி.

இப்பணிக்கு ஏற்றவர் புலவரும் கவிஞருமே. வழி கேட்பவனும் வழி சொல்பவனும் கலைஞராக இருந்த இலக்கியத்தின் வழித்தோன்றல்கள் அவர்கள். மேலும், நிலம் மாறிய பின்னும் சொல் நிற்கும் என்பதற்கு மலைக்கு அப்பாலுள்ள கிழக்கு சான்று. பல நூற்றாண்டுகளாகச் சரிவு மறுபுறமாகிவிட்ட நிலத்தில் அச்சொல் தன் பழைய ஊரை மறக்கவில்லை. கொற்கையில் இன்று கப்பல் இல்லை. தொள்ளாயிரம் பாரில் முத்துக்குளிப்போர் இல்லை. அவற்றுக்குச் சென்ற வழியின் சொற்கள் சிலர் நாவில் இன்னும் உள்ளன. சந்தி துடைத்துப் புல்லை முடிந்து வைக்க வேண்டிய இடம் அது.